பொடனியில ஆரம்பிச்சு கண்ணுல வந்து நிக்கிற தலைவலி: பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

போன இதழ்ல முதுகுவலி பத்தி எழுதினதுக்கு அப்புறம் வந்த கடிதம், மெயில், வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிச்சு பார்த்தா, முதுகை விட்டுட்டு எல்லாரும் கழுத்தையும் தலைவலியையும்தான் கேட்டிருக்கீங்க. சரி, இந்த தடவை முழுசா அதுக்கே ஒதுக்கிடலாம். ஒரே மாதிரி கேட்டவங்க கேள்வியை ஒண்ணா சேர்த்துட்டேன், பேர் வேணாம்னு பல பேர் சொன்னதால ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

திருப்பூர் வாசகி, வயது 38:
பனியன் கம்பெனியில செக்கிங் வேலை பார்க்கறேன். ரெண்டு வருஷமா வலது பக்கம் மட்டும் தலைவலி. பொடனியில ஆரம்பிச்சு காதுக்கு மேல ஏறி கண்ணுக்கு பின்னாடி வந்து நிக்குது. சைனஸ்னு மருந்து சாப்பிட்டேன், கண் டெஸ்ட் பண்ணியாச்சு, தலை ஸ்கேன் நார்மல். இப்ப கழுத்து எக்ஸ்ரே பார்த்துட்டு அஞ்சாவது ஆறாவது எலும்புல தேய்மானம், அதனாலதான் வலின்னு சொல்றாங்க. கண்ணு வலிக்கறதுக்கு கழுத்து எப்படிங்க காரணமாகும்?

பதில்:
ஆகும்ங்க. கழுத்தோட மேல் மூணு நரம்புகள் (சி1, சி2, சி3னு சொல்லுவோம்) பொடனி, மண்டையோட பின்பக்கம், மேல் கழுத்து மூட்டுகள் இங்கிருந்தெல்லாம் வலி சேதியை கொண்டு போகுது. நெத்தி, கண்ணு, முகம் இதுக்கெல்லாம் வேற நரம்பு, ட்ரைஜெமினல்னு பேரு. ஆனா இந்த ரெண்டு கூட்டமும் போய் சேர்ற இடம் ஒண்ணுதான், தண்டுவடத்தோட உச்சியில மூளைத்தண்டை ஒட்டி இருக்கற ஒரு நரம்பணு தொகுப்பு. முன்வாசலுக்கும் கொல்லைப்புறத்துக்கும் ஒரே காலிங் பெல்லு வச்ச வீடு மாதிரி, கொல்லைப்புறத்துல யாரோ அழுத்தினாலும் உள்ள இருக்கறவங்க முன்கதவைத்தான் போய் திறந்து பார்ப்பாங்க. கழுத்து மூட்டு அழுத்துது, மூளை கண்ணை திறந்து பார்க்குது. இந்த வகைக்கு செர்விக்கோஜெனிக் ஹெடேக்னு 1983ல பேர் வச்சவர் நார்வே நாட்டு நரம்பியல் டாக்டர் ஒட்டார் ஸ்யோஸ்டாட். அதுக்கு முன்னாடியும் இந்த வலி இருந்துச்சு, ஒத்தைத் தலைவலி, நீர்க்கோவை, நரம்புத் தளர்ச்சின்னு ஆளுக்கொரு பேர் சொல்லிட்டு இருந்தாங்க.

இப்ப உங்க எக்ஸ்ரே விஷயத்துக்கு வர்றேன், இதுதான் எனக்கு கொஞ்சம் எரிச்சலான இடம். அஞ்சாவது ஆறாவது எலும்புக்கு நடுவுல தேய்மானம்ங்கறது 38, 40 வயசுல நிறைய பேர் எக்ஸ்ரேல இருக்கும், வலியே இல்லாதவங்களுக்கும் இருக்கும். அந்த இடத்துல நிஜமாவே நரம்பு அழுந்துச்சுன்னா தோள்பட்டை, கை, கட்டைவிரல் பக்கம்தான் வலியோ மரமரப்போ போகும், கண்ணுக்கு பின்னாடி போகாது. தலைக்கு வலி அனுப்பறது மேல இருக்கற மூட்டுங்க, அதுலயும் ரெண்டாவது மூணாவது எலும்புக்கு நடுவுல இருக்கறதுதான் அடிக்கடி மாட்டும். அது எக்ஸ்ரேல பார்த்தா பெரும்பாலும் சாதுவாத்தான் தெரியும். அதனால "தேய்மானம்"ங்கற வார்த்தையை தூக்கி பீரோல வச்சிட்டு, கழுத்தை கையால தொட்டு பார்க்கற ஆள்கிட்ட போங்க.

நல்ல பிசியோ என்ன பண்ணுவாங்கன்னா, முதல்ல கதை கேட்பாங்க. வலி எப்பவும் ஒரே பக்கமா, பக்கம் மாறுதா? கழுத்துல ஆரம்பிக்குதா? வண்டி ரிவர்ஸ் எடுக்க திரும்பும்போதோ, ரொம்ப நேரம் ஒரே மாதிரி குனிஞ்சிருந்தாலோ கிளம்புதா? அப்புறம் மல்லாக்க படுக்க வச்சு, உங்க தாடை நெஞ்சுல படற அளவுக்கு தலையை மடக்கி, அப்படியே வலது பக்கம் இடது பக்கம் திருப்பி பார்ப்பாங்க. ஏன் மடக்கிட்டு திருப்பணும்னா, அப்படி மடக்கினா கீழ் கழுத்து பூட்டிக்கும், முதல் ரெண்டு எலும்பு மட்டும்தான் திரும்பும், கழுத்து திரும்பறதுல கிட்டத்தட்ட பாதி அந்த ஒரு ஜோடிலதான் நடக்குது. சாதாரணமா ஒவ்வொரு பக்கமும் சுமார் 44 டிகிரி போகும். உங்களுக்கு வலது பக்கம் முப்பதைத் தாண்டாம முட்டி நிக்குதுன்னா, கூடவே "இதேதாங்க என் வலி"ன்னு நீங்களே சொல்ற மாதிரி கிளம்புச்சுன்னா, ஆள் கிடைச்சாச்சு. இதுக்கு மெஷின் வேணாம், ரெண்டு கையும் ஒரு கட்டிலும் போதும்.

ஆனா ஒரு விஷயம். மைக்ரேன் இருக்கறவங்கள்ல நிறைய பேருக்கு கழுத்தும் சேர்ந்தே வலிக்கும், அது மைக்ரேனோட ஒரு பகுதி, அதுக்கு கழுத்து காரணம்னு அர்த்தம் இல்ல. வலி விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, வாந்தி வருது, லைட்டு சத்தம் தாங்கலை, இருட்டு ரூம்ல போய் படுத்தாதான் ஆகும்னா அந்த பக்கம் யோசிக்கணும். உங்க கடிதத்துல அதெல்லாம் இல்ல, ஒரே பக்கம் பூட்டின மாதிரி இருக்கு, அதனால கழுத்துன்னு எனக்கு சந்தேகம் பலமா இருக்கு, ஆனா நேர்ல கை வச்சு பார்க்காம முடிவா சொல்ல மாட்டேன். செக்கிங் டேபிள் உங்க இடுப்புக்கும் கீழ இருக்கான்னு பாருங்க. பீஸை விரிச்சு போட்டு மணிக்கணக்கா ஒரே பக்கம் சாஞ்சு பார்க்கறவங்களுக்கு அந்த பக்கம் பொடனி கல்லு மாதிரி இருக்கறதை நான் நிறைய தடவை தொட்டு பார்த்திருக்கேன். டேபிளை உசத்த கம்பெனில ஒத்துக்கலைன்னா பண்டல் மாத்தும்போதெல்லாம் டேபிளோட எதிர்ப்பக்கம் போய் நின்னு பாருங்க.

சென்னை ஓஎம்ஆர் ஐடி வாசகர், வயது 29:
10 சிட்டிங் பிசியோதெரபி பேக்கேஜ் எடுத்தேன். தினமும் ஹாட் பேக், கரண்ட் வைக்கற ஐஎஃப்டி, அல்ட்ராசவுண்ட், கடைசில கழுத்தை இழுக்கற ட்ராக்‌ஷன். போற அன்னைக்கு நல்லா இருக்கும், முடிச்சு ஒரு வாரத்துல பழைய தலைவலி திரும்ப வந்துடுச்சு. பிசியோதெரபியே ஏமாத்து வேலையா சார்?

பதில்:
சார் இல்லைங்க தம்பி, மேடம். பரவால்ல.

நீங்க எடுத்தது பிசியோதெரபியோட பாதி கூட கிடையாது, அதான் பிரச்சனை. சூடு, கரண்ட், அல்ட்ராசவுண்ட் இதெல்லாம் நீங்க சும்மா படுத்திருக்க உங்க மேல நடக்கற விஷயம், அப்போதைக்கு இதமா இருக்கும், தசை கொஞ்சம் இளகும், வீட்டுக்கு போய் லேப்டாப்பை திறந்தா பழைய கதைதான். ஒருத்தருக்கு மெஷினை மாட்டிட்டு அடுத்த ஆளைப் பார்க்க போயிடலாம்ங்கறதால சில இடங்கள்ல இது வசதியா போச்சு, இதை நானே சொல்றதால எங்க ஆளுங்க கோவிச்சுக்குவாங்க, கோவிச்சுக்கட்டும்.

இந்த தலைவலிக்கு எது வேலை செய்யுதுன்னு ஒழுங்கா பார்த்த ஆராய்ச்சி இருக்கு. ஆஸ்திரேலியாவுல குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்து பிசியோதெரபிஸ்ட் க்வென் ஜல்லும் அவங்க குழுவும் 2002ல வெளியிட்டது. 200 பேரை நாலு குரூப்பா பிரிச்சாங்க. ஒரு குரூப்புக்கு கையால மூட்டை அசைச்சு விடற சிகிச்சை, ஒரு குரூப்புக்கு உடற்பயிற்சி மட்டும், ஒரு குரூப்புக்கு ரெண்டும், நாலாவது குரூப்புக்கு ரெண்டும் இல்ல. சிகிச்சை நடந்தது ஆறே வாரம். ஆனா 12 மாசம் கழிச்சு பார்த்தப்பவும் சிகிச்சை எடுத்த மூணு குரூப்புக்கும் தலைவலி வர்ற நாளும் குறைஞ்சிருந்துச்சு, வலியோட வேகமும் குறைஞ்சிருந்துச்சு. கைச்சிகிச்சையும் பயிற்சியும் தனித்தனியாவே பலன் கொடுத்துச்சு, ரெண்டையும் சேர்த்தவங்கள்ல கொஞ்சம் கூடுதல் பேருக்கு நல்லா இருந்துச்சு, அந்த வித்தியாசம் பெருசா ஒண்ணும் இல்ல. கவனிங்க, அங்க ஜெயிச்சது கையும் பயிற்சியும், கரண்ட் மெஷின் அந்த போட்டியிலயே இல்ல.

அந்த பயிற்சி என்னன்னு சொல்றேன், ஜிம்முக்கு போறவங்க பார்த்தா சிரிப்பாங்க. மல்லாக்க படுத்து முட்டியை மடக்கிக்கோங்க. தலைக்கு கீழ ஒரு டவலை மடிச்சு வைங்க, நெத்தியும் தாடையும் ஒரே மட்டத்துல இருக்கணும். இப்ப "ஆமா"ன்னு தலையாட்டற மாதிரி, ரொம்ப மெதுவா தாடையை மட்டும் கொஞ்சம் கீழ இறக்குங்க. தலையை தூக்கக்கூடாது, பின்மண்டை டவல் மேல வழுக்கிட்டு போகணும், அவ்வளவுதான். அந்த நிலையில 10 செகண்ட் நிறுத்தி மூச்சு விட்டுட்டே இருங்க, விடுங்க, இப்படி 10 தடவை, காலையில ஒரு வேளை ராத்திரி ஒரு வேளை. பண்ணும்போது ஒரு கையோட விரல் நுனியை கழுத்து முன்பக்கம் லேசா வச்சுக்கோங்க. காதுக்கு பின்னாடி இருந்து நெஞ்செலும்பு வரைக்கும் கயிறு மாதிரி ஒரு தசை இறங்கும், அது விரலுக்கு கீழ விறைச்சு எழும்பினா நீங்க தப்பான தசையை வச்சு வேலை வாங்கறீங்க, கொஞ்சம் குறைச்சு பண்ணுங்க. நமக்கு வேண்டியது அதுக்கும் உள்ள, கழுத்தெலும்போட முன்பக்கத்தை ஒட்டி ஒளிஞ்சிருக்கற சின்ன தசைங்க. இந்த தலைவலி இருக்கறவங்களுக்கு அந்த தசைதான் வேலையை மறந்துட்டு தூங்கும், மேல இருக்கற கயிறு தசை ஓவர்டைம் பார்க்கும்.

கிளினிக்ல இதையே அளந்து பார்க்கலாம். பிபி பார்க்கற பை மாதிரி ஒண்ணை கழுத்துக்கு அடியில வச்சு 20க்கு காத்தடிச்சு, தாடையை இறக்கி முள்ளை 22க்கு கொண்டு வாங்கன்னு சொல்லுவோம், அப்புறம் 24, 26, இப்படியே 30 வரைக்கும். தலைவலிக்காரங்கள்ல பல பேருக்கு 24லயே முள்ளு ஆட ஆரம்பிச்சிடும், சிலர் ஆர்வத்துல ஒரே அமுக்கா 40க்கு கொண்டு போயிட்டு பெருமையா பார்ப்பாங்க, அது ஃபெயில்!

அதனால அடுத்த தடவை போற இடத்துல மூணு விஷயம் கேளுங்க. என் கழுத்தோட எந்த மூட்டுல பிரச்சனைன்னு கையால பார்த்து சொல்வீங்களா, எனக்கு வீட்டுல பண்ண பயிற்சி தருவீங்களா, நான் சரியா பண்றேனான்னு ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப செக் பண்ணுவீங்களா. மூணுக்கும் ஆமான்னா தைரியமா சேருங்க. ஆறு வாரத்துல எட்டு முதல் 12 சிட்டிங்குக்குள்ள மாற்றம் தெரியணும், தெரியலைன்னா இன்னொரு 10 சிட்டிங் பேக்கேஜ் வாங்காதீங்க, வலி கழுத்துல இருந்துதான் வருதான்னு முதல்ல இருந்து யோசிக்கணும்.

மதுரை வாசகர்:
மாசம் ஒரு தடவை சலூன்ல முடி வெட்டி முடிச்சதும் அண்ணன் தலையைப் பிடிச்சு ரெண்டு பக்கமும் சொடக்கு எடுப்பாரு. ரெண்டு நாளைக்கு தலை லேசா இருக்கும். அதையே வாரம் ஒரு தடவை பண்ணிக்கலாமா?

பதில்:
வேண்டவே வேண்டாம், மாசம் ஒரு தடவையும் வேண்டாம். சொடக்கு சத்தம் மூட்டுக்குள்ள இருக்கற திரவத்துல காத்துக் குமிழி உண்டாகறதால வர்றது, எலும்பு இடத்துல போய் உக்கார்றதால இல்ல. அந்த இதம் நிஜம்தான், நான் மறுக்கலை, ஆனா அந்த இதத்துக்கு நீங்க பந்தயம் வைக்கறது மூளைக்கு ரத்தம் போற குழாயை. கழுத்தெலும்புகள்ல ரெண்டு பக்கமும் சின்ன சின்ன ஓட்டை இருக்கும், அது வழியா வெர்ட்டிபிரல் தமனின்னு ரத்தக்குழாய் மேல ஏறி, முதல் எலும்பைச் சுத்தி வளைஞ்சு மண்டைக்குள்ள போகும். தலையை ஒரே வெட்டா திருப்பும்போது அந்த வளைவுலதான் இழுவை. குழாயோட உள்சுவர் கிழிஞ்சு ரத்தம் கட்டினா பக்கவாதம். அபூர்வமாத்தான் நடக்கும், ஆனா நடந்தா 30 வயசுக்காரருக்கும் நடக்கும்.

முறையா படிச்சவங்களும் கழுத்தை வேகமா திருப்பி விடற சிகிச்சை பண்றது உண்டு, அதுக்கு முன்னாடி பிபி, பழைய விபத்து, தலைசுத்தல், மாத்திரை எல்லாம் கேட்டு, சோதிச்சு, உங்க சம்மதம் வாங்கணும். நான் என் பேஷன்ட்டுக்கு பெரும்பாலும் மெதுவா அசைச்சு விடற முறையைத்தான் எடுத்துக்கறேன், அதுலயே வேலை முடியுதே, எதுக்கு வீண் ரிஸ்க். சலூன் அண்ணன் மேல தப்பு சொல்லலை, அவருக்கு கத்திரியும் சீப்பும் தெரியும், உங்க தமனி எப்படி இருக்குன்னு தெரியாது.

இது எல்லாருக்கும்: கழுத்தைத் திருப்பினதுக்கு அப்புறமோ, சின்ன அடி பட்டதுக்கு அப்புறமோ, இதுவரைக்கும் வராத மாதிரி புதுசா கழுத்துவலியும் தலைவலியும் வந்து, கூடவே பேச்சு குழறுது, பொருள் ரெண்டா தெரியுது, முழுங்க முடியலை, நடை தள்ளாடுது, ஒரு பக்க கண்ணிமை தொங்குதுன்னா தைலம் தேய்ச்சுட்டு படுக்காதீங்க, 108க்கு போன் பண்ணுங்க. பியூட்டி பார்லர்ல தலையைப் பின்னாடி மடக்கி பேசின்ல வச்சு ரொம்ப நேரம் அலசறதும் இதே குழாயை அழுத்தும், கழுத்துக்கு கீழ டவல் சுருட்டி வைக்க சொல்லுங்க.

திருச்சி, ஓய்வு பெற்ற ஆசிரியை, வயது 63:
ஒரு மாதமாகத்தான் தலைவலி, அதற்கு முன் வந்ததே இல்லை. பொட்டில் வலி, தலை சீவும்போது சீப்பு பட்டாலே வலிக்கிறது, சாப்பாடு மெல்லும்போது தாடை அசந்து போகிறது. கழுத்துக்கு ஏதாவது பயிற்சி சொல்லுங்கள்.

பதில்:
டீச்சரம்மா, உங்களுக்கு பயிற்சி எதுவும் சொல்லப் போறதில்ல. இதழ் அச்சாகி வர்ற வரைக்கும் காத்திருக்கக்கூடாதுன்னு கடிதம் வந்த அன்னைக்கே ஆபீஸ்ல இருந்து உங்க நம்பருக்கு போன் பண்ணி, உடனே பொது மருத்துவரைப் பாருங்கன்னு சொல்லியாச்சு. இங்க போடறது மத்தவங்களுக்காக. 50 வயசு தாண்டினவங்களுக்கு புதுசா தலைவலி ஆரம்பிச்சு, மண்டைத்தோல் தொட்டாலே வலிச்சு, மெல்லும்போது தாடை வலிச்சா, பொட்டுல ஓடற ரத்தக்குழாய் வீங்கி இருக்கலாம். இஎஸ்ஆர், சிஆர்பின்னு சாதாரண ரத்தப் பரிசோதனையிலயே அறிகுறி தெரியும், சிகிச்சைக்கு ஸ்டீராய்டு மாத்திரை இருக்கு. தள்ளிப் போட்டா கண் பார்வை போயிடும், போனா பெரும்பாலும் திரும்பாது. தலைவலின்னா எல்லாத்துக்கும் கழுத்தைப் பிடிக்கறதும் தப்புதான், பிசியோதெரபிஸ்ட் கிட்ட எல்லாமே கழுத்தாத்தான் தெரியும், அதை நீங்களும் ஞாபகத்துல வச்சுக்கோங்க.

குமாரபாளையம், விசைத்தறி ஓட்டும் வாசகர்:
மெடிக்கல்ல கேட்டு வாங்கற தலைவலி மாத்திரைதான் ஒன்றரை வருஷமா. முதல்ல வாரம் ஒண்ணு, இப்ப தினமும் ஒண்ணு ரெண்டு. போடலைன்னா காலைலயே தலை பாரமா எந்திரிக்கறேன். கழுத்து இறுக்கமும் இருக்கு. என்ன பயிற்சி பண்ணட்டும்?

பதில்:
அண்ணே, பயிற்சிக்கு முன்னாடி அந்த மாத்திரையைப் பேசுவோம். தலைவலிக்கு போடற மாத்திரையே அளவு மீறினா தலைவலியை உண்டாக்கும், கேட்க விசித்திரமா இருக்கும், ஆனா உலகம் பூரா தெரிஞ்ச விஷயம்தான். சாதாரண வலி மாத்திரையை மாசத்துல 15 நாளோ அதுக்கு மேலயோ, ரெண்டு மூணு மருந்து கலந்த கூட்டு மாத்திரைன்னா 10 நாளோ அதுக்கு மேலயோ, இப்படி மூணு மாசத்துக்கு மேல போட்டா இந்த வகைன்னு கணக்கு. நீங்க ரெண்டு கணக்கையும் எப்பவோ தாண்டிட்டீங்க. அட்டையைத் திருப்பி பாருங்க, பாரசிட்டமாலோட காஃபீனும் இன்னொரு மருந்தும் சேர்ந்திருந்தா அது கூட்டு மாத்திரை.

நீங்களா திடீர்னு நிறுத்தி வீரம் காட்ட வேணாம், டாக்டர்கிட்ட ஒளிக்காம எத்தனை மாத்திரைன்னு சொல்லி அவர் சொல்ற மாதிரி நிறுத்துங்க. நிறுத்தினதும் கொஞ்ச நாளைக்கு தலைவலி இன்னும் அதிகமா வரும், அப்பதான் பல பேர் பயந்து திரும்ப மெடிக்கலுக்கு போறாங்க. அதைத் தாண்டணும். அதுக்கு அப்புறம் மிச்சம் இருக்கற வலிதான் கழுத்தோடதா இல்லையான்னு தெரியும். தினமும் மாத்திரை போட்டுட்டு இருக்கறவங்களுக்கு நான் எவ்வளவு கைவேலை பார்த்தாலும் பயிற்சி கொடுத்தாலும் பிடி கிடைக்கறதில்ல. ஒண்ணு மட்டும் இப்பவே பண்ணுங்க, பழைய டைரில தலைவலி வந்த நாளுக்கு ஒரு புள்ளி, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு சுழி. மாசக் கடைசில டாக்டர்கிட்ட அந்த பக்கத்தை நீட்டுங்க, ஸ்கேனை விட அது நிறைய பேசும்.

ஈரோடு வாசகி:
காலேஜ் படிக்கற பொண்ணு எந்நேரமும் போனைக் குனிஞ்சு பார்க்கறா. 60 டிகிரி குனிஞ்சா கழுத்து மேல 27 கிலோ ஏறுதுன்னு ஒரு படம் குரூப்ல வந்துச்சு. அவளுக்கு தலைவலி இல்ல, ஆனா வந்துடுமோன்னு பயமா இருக்கு.

பதில்:
அந்த படம் எங்க குடும்ப குரூப்லயும் சுத்துது. 2014ல ஒரு அமெரிக்க முதுகெலும்பு சர்ஜன் கம்ப்யூட்டர் மாடல்ல போட்ட கணக்கு அது, ஆளுங்க கழுத்துல எதையும் மாட்டி அளந்தது இல்ல. நம்ம தலையோட எடை நாலரை அஞ்சு கிலோ, குனிஞ்சா பின்கழுத்து தசைக்கு வேலை கூடும், அதுவரைக்கும் உண்மை. அதுக்காக குனிஞ்ச கழுத்தெல்லாம் தலைவலியில முடியும்னு இல்ல. நாத்து நடறவங்களும் பூ கட்டறவங்களும் காலம்பூரா குனிஞ்சுதான் இருக்காங்க. எப்படி உக்கார்றாங்கறதை விட அசையாம எவ்வளவு நேரம் உக்கார்றாங்கறதுதான் எனக்கு முக்கியமா படுது. அரை மணிக்கு ஒரு தரம் எழுப்பி ஏதாவது வேலை சொல்லுங்க, அவ திட்டுவா, ஆனா கழுத்துக்கு நல்லது.

தஞ்சாவூர் வாசகி:
டவலை கழுத்துல போட்டு இழுக்கற பயிற்சி வீடியோல பார்த்தேன். வீட்டுல நானே பண்ணலாமா? இடது பக்கம் திரும்ப முடியலை.

பதில்:
நல்ல பயிற்சிதான், நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் ப்ரையன் மல்லிகனோட முறையில இருந்து வந்தது. 2007ல ஆஸ்திரேலியாவுல டோபி ஹால் குழு 32 பேர்கிட்ட இதை சோதிச்சாங்க, பொய்யான பயிற்சி பண்ணவங்களை விட இதை வீட்டுல பண்ணவங்களுக்கு ஒரு வருஷம் கழிச்சும் தலைவலி குறைவா இருந்துச்சு. ஆனா அங்க சேர்த்தது மேல சொன்ன மடக்கித் திருப்பற சோதனையில முதல் ரெண்டு எலும்பு மூட்டு இறுகி இருந்தவங்களை மட்டும்தான். அதனால அந்த இறுக்கம் உங்களுக்கு இருக்கான்னு முதல்ல ஒரு தடவை நேர்ல பார்க்க சொல்லுங்க.

பண்ற விதம், உங்களுக்கு இடது பக்கம் திரும்பணும்னா: குளிக்கற தடி டவல் வேணாம், மெல்லிசான துண்டோட ஓரம் போதும். அதை மண்டையெலும்பு முடியற இடத்துக்கு சரியா கீழ, பொடனி குழியில வைங்க. நிறைய பேர் கழுத்து நடுவுல போட்டுக்கறாங்க, அது பிரயோஜனம் இல்ல. வலது பக்கமா வர்ற முனையை இடது கையால பிடிச்சு, கன்னத்தை ஒட்டி வாய் ஓரமா முன்னாடி இழுத்துக்கோங்க. இன்னொரு முனையை வலது கையால நெஞ்சு பக்கம் இறக்கிப் பிடிச்சுக்கோங்க, அது நங்கூரம், அசையக்கூடாது. இப்ப மேல் கை இழுத்துட்டு இருக்கும்போதே தலையை இடது பக்கம் திருப்புங்க, கடைசில ரெண்டு மூணு செகண்ட் நின்னு, இழுவையை விடாம திரும்ப நடுவுக்கு வாங்க, அப்புறம்தான் கையை விடணும். ஒரு வேளைக்கு ரெண்டு மூணு தரம் போதும், 50 தரம் பண்ணா 50 மடங்கு பலன் வராது. கொஞ்சம்கூட வலிக்கக்கூடாது, இதுல அதுதான் சட்டம், வலிச்சா துண்டு இடம் மாறியிருக்கு இல்ல ரொம்ப இழுக்கறீங்க. தலை சுத்தினா அன்னையோட நிறுத்திடுங்க. ருமாட்டாய்டு மூட்டுவாதம் இருக்கறவங்க இதைத் தொடவே வேணாம், அவங்களுக்கு அந்த முதல் ரெண்டு எலும்பைக் கட்டியிருக்கற தசைநார் தளர்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

சின்னச் சின்ன கேள்விகளை ஒண்ணா முடிச்சிடறேன்.

தலையணை வைக்கலாமா வேணாமான்னு எக்கச்சக்கமா கேட்டிருக்கீங்க. வைங்க. ஒருக்களிச்சு படுத்தா தோளுக்கும் காதுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியை நிரப்பற உயரம், மல்லாக்க படுத்தா அதை விட கொஞ்சம் தாழ்வு. இலவம்பஞ்சு தலையணை நல்லதுதான், ஆனா பத்து வருஷம் பழசாகி அங்கங்க உருண்டை கட்டினதை வச்சுட்டு இலவம்பஞ்சு நல்லதுன்னு சொன்னாங்களேன்னு என்கிட்ட வராதீங்க. ஆயிரக்கணக்குல கொடுத்து ஆர்த்தோ தலையணை வாங்கியே ஆகணும்னு இல்ல. குப்புற படுக்கறதை மட்டும் விடுங்க, ராத்திரி பூரா கழுத்து ஒரே பக்கம் முறுக்கி கிடக்கும்.

கழுத்துப் பட்டை, அதான் காலர்: இந்த தலைவலிக்கு மாசக்கணக்கா போடாதீங்க, ஏற்கனவே தூங்கற தசையை இன்னும் தூங்க வைக்கும்.

பொடனியில ஊசி போடலாமான்னு புதுச்சேரி வாசகர் கேட்டிருக்கார். போடறாங்க, மரத்துப்போகற மருந்தை அந்த நரம்பு பக்கத்துலயோ மூட்டுலயோ போட்டு வலி அடங்குதான்னு பார்க்கறது நோயைக் கண்டுபிடிக்கவும் உதவும். பயிற்சியும் கைச்சிகிச்சையும் ஒழுங்கா எடுத்தும் அடங்காதவங்களுக்கு பெயின் ஸ்பெஷலிஸ்ட் அதை முடிவு பண்ணட்டும். முதல் படியே ஊசின்னா நான் கொஞ்சம் யோசிப்பேன்.

நாகர்கோவில் வங்கி ஊழியர், வயது 47:
நீங்க சொல்ற மாதிரி எல்லா பயிற்சியும் பண்றேன், சனி ஞாயிறு தலைவலி வர்றதே இல்ல, திங்கள் மதியம் மூணு மணிக்கு டாண்ணு வந்துடுது. சேர் மாத்தியாச்சு, மானிட்டரை உயரமா தூக்கி வச்சாச்சு. ஆறு மாசம் முன்னாடி ப்ரோக்ரசிவ் கண்ணாடி போட்டேன், அதுல இருந்துதானோன்னு வீட்டுல சொல்றாங்க.

பதில்:
வீட்டுல சொல்றது நூத்துக்கு நூறு யோசிக்க வேண்டிய விஷயம், யார் சொன்னாங்களோ அவங்களுக்கு ஒரு சபாஷ். ப்ரோக்ரசிவ் கண்ணாடியில கிட்டத்துல படிக்கற பவர் கீழ்ப்பாகத்துல இருக்கும், கம்ப்யூட்டர் தூரத்துக்கான பவர் நடுவுல ஒரு குறுகலான பட்டையில இருக்கும். ஸ்கிரீன் கண்ணுக்கு நேரா இருந்தா அந்த பட்டை வழியா பார்க்க தாடையை மேல தூக்கித்தான் ஆகணும், உங்களுக்கே தெரியாம தூக்கிட்டு இருப்பீங்க. தாடை தூக்கி, தலை முன்னாடி நீண்டு, மேல் கழுத்து மூட்டுங்க பின்பக்கம் நசுங்கி நாள் பூரா உக்காந்திருந்தா மூணு மணிக்கு டாண்ணு வராம என்ன பண்ணும்? அதுல நீங்க மானிட்டரை இன்னும் தூக்கி வச்சுட்டீங்க, மத்தவங்களுக்கு சரியான அறிவுரை உங்களுக்கு தலைகீழா போயிடுச்சு.

நாளைக்கே மானிட்டரை இறக்குங்க, ஸ்டாண்டு, லெட்ஜர் எது அடியில இருந்தாலும் எடுத்துடுங்க, ஸ்கிரீனை லேசா பின்னாடி சாய்ச்சு வைங்க. பக்கத்து கவுன்ட்டர்ல இருக்கறவரை உங்க சைடு போஸை போன்ல ஒரு போட்டோ எடுக்க சொல்லுங்க, வேலை மும்முரத்துல இருக்கும்போது, சொல்லாம எடுத்தா இன்னும் நல்லது. தாடை அப்பவும் தூக்கியிருந்தா கம்ப்யூட்டருக்குன்னே தனியா ஒரு பவர் கண்ணாடி போட்டுக்கலாம், வேலை நேரத்துக்கு மட்டும். கண்ணாடி கடைக்கு போறதுக்கு முன்னாடி கண்ணுல இருந்து ஸ்கிரீன் எத்தனை சென்டிமீட்டர்னு டேப் வச்சு அளந்து எழுதிட்டு போங்க, அந்த நம்பர் இல்லாம அவங்களால சரியான பவர் போட முடியாது.